அண்ணி கழுவிய கற்கள்

எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துவிடுவார்கள். ஊருக்குக் கிழக்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் மலை நிற்கிறது. அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் வெள்ளைப் படுக்கை விரிப்பு அரை மணி நேரத்தில் எலி நிறத்துக்கு வந்துவிடும். அதற்குள் ஓடிவந்து எடுத்துவிடுகிறவள் கெட்டிக்காரி, விட்டுவிடுகிறவள் சோம்பேறி. என் அண்ணி ஸும்ராவைக் கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. ஜன்னல் கண்ணாடியை வாரத்துக்கு மூன்று முறை துடைப்பாள். வாசல் படியைத் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழி விழுந்துவிட்டது.

அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த மறுநாள், தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த வெள்ளை விரிப்புகளையும் மெத்தைப் போர்வை உறைகளையும் துவைத்துக் கொடியில் போட்டாள். கிழக்குக் காற்றைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. விருந்தாளிகள் முன்னால் என் அம்மா, "துவைக்கச் சொல்லிக் குடுக்காமலே அனுப்பிட்டாங்க போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. இருபத்தாறு வருடம் ஆகிறது, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அண்ணிக்கும் சாம்பலுக்கும் பகை. இப்படிப்பட்டவளின் புருஷன்தான் ஒரு நாள் கை வண்டியில் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து கொல்லைப்புறக் கொட்டகையில் கொட்டினான்.

அண்ணன் ரிஃபெத் செங்கல் சூளையில் நெருப்பைக் கவனிக்கிற ஆளாக இருந்தவன். சூளையை மூடிய பிறகு நான்கு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை லாரி போனது என்று கேட்டால் சரியாகச் சொல்வான். வேறு எதைக் கேட்டாலும் பதில் வராது. அண்ணி அவனைச் சுற்றியே தரையைத் துடைப்பாள், "காலைத் தூக்கு" என்று மட்டும் சொல்வாள். அந்த நான்கு வருடத்தில் அந்த வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட வார்த்தை அதுதான்.

சாம்பல் யோசனையை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவள் என்று அண்ணி என்னை இன்றும் சொல்வாள். நான் அவ்தியா என்கிறவனின் பால் பண்ணையில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். பாலாடைக்கட்டி செய்கிற இடம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் மிஞ்சிய மோர்த் தண்ணீரும் ஓடையில் கலந்து, ஓடை வெள்ளையாகி, நாறி, மீன் செத்து, ஊரே மூக்கைப் பொத்தியது. கட்டுப்படுத்தாவிட்டால் பண்ணையை மூடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சமயத்தில் துஸ்லா நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் சொல்லக் கேட்டேன்: மின் நிலையச் சாம்பலையும் உடைந்த கண்ணாடியையும் அரைத்து, மரத்தூள் கலந்து உருட்டிச் சுட்டால், மரத்தூள் எரிந்துபோய் உள்ளெல்லாம் ஓட்டையாக ஒரு கல் கிடைக்கும். அதைத் தொட்டியில் போட்டால் அந்த ஓட்டைகளில் கிருமிகள் குடியேறி, தண்ணீரில் இருக்கிற அழுக்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் செய்து விற்பதை வாங்க அவ்தியாவுக்கு வசதியில்லை. நான் வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் ஜன்னலிலிருந்து திரும்பி, "எந்தச் சூட்டுல?" என்று கேட்டான். நான்கு வருடத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் தடவை கற்கள் சூளைக்குள்ளேயே பட்டாசு மாதிரி வெடித்தன. இரண்டாவது தடவை சூடு அதிகமாகி, ஓட்டை எல்லாம் உருகி மூடி, கோலிக்குண்டாக வந்தன. பழைய சூளையின் ஒரு மூலையை அவ்தியா பேசி வாங்கிக் கொடுத்திருந்தான். அண்ணன் அங்கேயே கிடந்தான். கல் சரியாக வெந்ததா என்று பார்க்க அவனுக்குக் கருவி தேவையில்லை. ஆறிய கல்லை எடுத்து நாக்கு நுனியில் வைப்பான். ஓட்டை உள்ள கல் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். மூடிப்போன கல் வழுக்கும். செங்கல் சூளைக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் சாம்பலில் செய்த கல்லைப் புருஷன் நக்குவதை அண்ணி முதல்முறை பார்த்தபோது, அன்றைக்கே அவனுடைய தட்டையும் கரண்டியையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். அவன் ஒரு கல்லை அவளிடம் நீட்டி, நீயும் நாக்கில் வைத்துப் பாரேன் என்று கேட்டான். பதினொரு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

எப்படியோ கற்கள் கைகூடின. அக்ரூட் பருப்பு அளவில், சாம்பல் நிறத்தில், கையில் எடுத்தால் எடையே தெரியாது. பீர் பாட்டில் வைக்கிற பிளாஸ்டிக் கூடைகள் பன்னிரண்டில் நிரப்பித் தொட்டியில் இறக்கினோம். குளிர்காலம். ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது வாரம் கற்கள் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்புப் படிந்தது. பார்க்க அசிங்கம், தொட்டால் தவளை. எனக்கு அதைவிட அழகான ஒன்றை அந்த வருடம் பார்த்ததாக நினைவில்லை. தொட்டியின் மறுபக்கம் தண்ணீர் தெளிந்து விழுந்தது. நாற்றம் போயிருந்தது. அண்ணன் தினமும் காலையில் வந்து ஒரு கல்லை எடுத்து முகர்ந்துவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போடுவது மாதிரி திரும்ப வைப்பான்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை சோதனைக் கமிஷன் வருவதாகத் தகவல் வந்தது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய், இருட்டில் ஐந்து நாள் வைத்து, மிச்சமிருக்கிற அழுக்கை அளப்பார்கள். இருபத்தைந்துக்குக் கீழே வந்தால் பண்ணைக்கு அனுமதி. நகராட்சிக் கழிவுநீர்த் தொட்டிக்கும் அண்ணனிடமே கல் வாங்குவார்கள். மேலே போனால் பண்ணை மூடும், அதோடு அண்ணனின் சூளையும் மூடும். அவன் மறுபடி அந்த ஜன்னலுக்குப் போனால் இந்த முறை திரும்பி வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவன் தயங்கித் தயங்கி, வருகிறவர்களுக்குக் காபி ஊற்ற வர முடியுமா என்று கேட்டபோது, அவள் மறுக்கவில்லை. விருந்தாளி என்றால் விருந்தாளிதான், சாம்பலுக்கு வந்தாலும் என்றாள்.

புதன்கிழமை காலை தொட்டியின் அடியில் இருந்த பம்ப், பாலாடைக்கட்டித் துணுக்கு சிக்கி நின்றுவிட்டது. கூடைகள் பன்னிரண்டையும் சங்கிலி போட்டு மேலே தூக்கி முற்றத்தில் வரிசையாக வைத்து, காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கால் மூடினோம். பம்புக்கு ரப்பர் வளையம் வாங்க நானும் அவ்தியாவும் துஸ்லாவுக்குப் போனோம். அண்ணன் சூளையில் இருந்தான்.

திரும்பி வந்தபோது மணி நான்கு இருக்கும். வாசல் கேட்டைத் திறந்ததும் மூக்கில் ப்ளீச் வாடை அடித்தது. முற்றத்தில் சாக்கு எதுவும் இல்லை. கூடைகள் பன்னிரண்டும் வெயிலில் உட்கார்ந்திருந்தன. கற்கள் சூளையிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவை போல வெளுப்பாக, சுத்தமாக இருந்தன. ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அண்ணி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை கை சிவந்திருந்தது. பக்கத்தில் தரை தேய்க்கிற பிரஷ், ரப்பர் குழாய், காலி பாட்டில்கள் ஏழு.

நாளைக்குக் காபிச் சாமான்களை எங்கே வைப்பது என்று பார்க்க வந்தாளாம். அந்தப் பண்ணைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். துஸ்லாவிலிருந்து பெரிய மனுஷர்கள் வந்து பார்க்கப்போகிற தன் புருஷனின் கற்கள் மேல் இத்தனை அழுக்கு. வீட்டுக்குப் போய் இருந்த ப்ளீச் முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்து, நான்கு மணி நேரம் ஒவ்வொரு கூடையாகத் தேய்த்திருக்கிறாள்.

"இப்ப வரட்டும் உன் கமிஷன்," என்றாள் என்னிடம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். எனக்கு நாக்கு நீளம் என்று ஊருக்கே தெரியும். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிறவள் நான். அன்றைக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: "பளிச்சுன்னு இருக்கு அண்ணி." அவ்தியா தொப்பியைக் கழற்றிக்கொண்டு தன் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணன் வந்தான். கேட்டருகே நின்றான். கூடைகளைப் பார்த்தான், பாட்டில்களைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். அவன் நேராக அவளிடம் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"எரியுதா?" என்றான்.

"கொஞ்சம்."

"இத்தனையும் நீ ஒருத்தியாவா?"

"பின்ன? ஊரைக் கூப்பிட்டா கழுவுவாங்க? கடைசி மூணு கூடைக்கு ப்ளீச் தீந்துபோச்சு. வெறும் தண்ணிதான். அதைப் பின்வரிசையில வச்சுடு, யாரும் பாக்க மாட்டாங்க."

அவன் அவள் கைகளில் ஊதிக்கொண்டே இருந்தான். அவள் கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டாள், நான் பார்க்கிறேன் என்று. நாளைக்கு வேண்டிய பை பலகாரத்துக்கு மாவு பிசைய வேண்டும் என்று எழுந்து போனாள். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் நான் கத்த ஆரம்பித்தேன். ஏழு வாரக் காத்திருப்பு, ஒரு குளிர்காலம், பண்ணை, சூளை, எல்லாம் ஏழு பாட்டிலில் போயிற்று, இதை அவளிடம் சொல்லாமல் கைக்கு ஊதிக்கொண்டிருக்கிறாயே என்று. இருபது நிமிடம் கத்தியிருப்பேன். அண்ணன் ஒரு கல்லை எடுத்து முகர்ந்தான். ப்ளீச் வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. கல்லைக் கூடையில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"இருபத்தாறு வருஷமா அவ சாம்பலைத் தொட்டதில்ல, ஃபஹிரா. இன்னிக்குத் தொட்டிருக்கா. எனக்காகத் தொட்டிருக்கா. கமிஷன் இன்னொரு தரம் வரும். இது வருமா?"

நான் துஸ்லாவிலிருந்து வாங்கி வந்த ரப்பர் வளையத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"நீ அவகிட்ட வாயைத் திறந்த, அப்புறம் நான் உனக்கு அண்ணன் இல்ல."

பம்பைச் சரிசெய்து, வெளுத்த கற்களை அப்படியே தொட்டியில் இறக்கினோம். செத்த வீட்டில் சாமான் அடுக்குவது மாதிரி இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஜினியர் ஸ்லாவித்ஸா இரண்டு உதவியாளர்களோடு வந்தாள். ஒல்லியான, சிரிக்காத பெண்மணி. கால்சட்டையை ரப்பர் பூட்ஸுக்குள் சொருகியிருந்தாள். முதலில் காபி என்பதை எந்தக் கமிஷனாலும் மறுக்க முடியாது. அண்ணி செம்புக் கிண்ணிகளைத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு வைத்திருந்தாள். இறைச்சி வைத்த பை, கீரை வைத்த பை, சர்க்கரைக் கட்டி, எல்லாம் வெள்ளைத் துணி விரித்த மேஜையில். இன்ஜினியர் இரண்டு துண்டு பை சாப்பிட்டாள். மூன்றாவதை அண்ணி கேட்காமலே வைத்தாள். பிறகு எல்லோரும் தொட்டிக்குப் போனோம். அண்ணி இரண்டாவது சுற்றுக் காபியைத் தட்டில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தன் வேலையைப் பார்த்து அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

ஒரு கூடையைத் தூக்கினோம். இன்ஜினியர் ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார் இதைக் கழுவினது?"

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். கன்னம் சிவக்க வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் சொன்னான்: "நான்தாங்க."

அண்ணியின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. முந்தின நாள் கையைப் பிடித்து ஊதிய புருஷன், விருந்தாளிகள் முன்னால் அவள் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறான். அன்றைக்கு என் அம்மா செய்ததைவிட இது அவளுக்கு மோசமாகப் பட்டிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டை இறுகப் பிடித்தாள்.

இன்ஜினியர் கல்லைக் கூடையில் எறியவில்லை, வைத்தாள். ஆனால் குரல் எறிவது போலத்தான் இருந்தது. கல் செய்கிறவருக்கே இது தெரியாதா என்று கேட்டாள். கல் மேல் இருந்த வழவழப்பு அழுக்கு இல்லை, அதுதான் வேலைக்காரன், கிருமிகள் கட்டிய வீடு, தண்ணீரைச் சுத்தம் செய்வது கல் இல்லை அதுதான், அதை ப்ளீச் ஊற்றிக் கொன்றுவிட்டுச் சோதனைக்கு என்னைக் கூப்பிட்டீர்களா என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, தப்புதாங்க, தப்புதாங்க என்றான். அவன் குனிந்து நின்ற நிலை பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குகிறவன் மாதிரி இருந்தது.

திரும்பினேன். அண்ணி காபித் தட்டைக் குனிந்து தரையில் வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நிமிர்ந்தாள்.

"அவரு பொய் சொல்றாரு," என்றாள். "கழுவினது நான். ஏழு பாட்டில் ஊத்தினேன். நான் கழுவும்போது அவருக்குத் தெரியவே தெரியாது."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, குரல் மட்டும் கோபமாக வந்தது.

"ஏன் மனுஷா? ஊருக்கு முன்னாடி எனக்காகப் பொய் சொல்லத் தெரிஞ்சவனுக்கு, எங்கிட்ட நேத்தே உண்மையைச் சொல்லத் தெரியலையா?"

"நீ சிரிச்சிட்டிருந்த," என்றான் அண்ணன். வேறு காரணம் அவனிடம் இல்லை.

அவள் அங்கேயே அழுதாள். முந்தானையால் மூடிக்கொள்ளக்கூட இல்லாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அழுதாள். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். இன்ஜினியர் ஸ்லாவித்ஸா கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தாள். பிறகு தரையில் இருந்த தட்டிலிருந்து ஒரு காபியை எடுத்துக் குடித்துவிட்டு, தன் அம்மாவும் மின் நிலையத்தின் மறுபக்கம்தான் குடியிருந்தாள் என்றாள். கமிஷன் வருகிறது என்று சொல்லியிருந்தால் தன் அம்மா தொட்டித் தண்ணீரையே இறைத்துக் கொட்டிவிட்டுத் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பாள் என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். நான்தான் சிரித்துவிட்டேன்.

ஆனாலும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கடமை. விதிப்படி இன்னொரு சோதனைக்குப் பதினான்கு நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்றாள். போகிற வழியில் என்ன நினைத்தாளோ, தோள்பையிலிருந்து சிறிய சுத்தியலை எடுத்து ஒரு கல்லை இரண்டாக உடைத்தாள். உள்ளேயும் வெளுப்பு. தலையை ஆட்டினாள்.

"கடைசி மூணு கூடைக்கு ப்ளீச் போடல," என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தீந்துபோச்சு."

இன்ஜினியர் நின்றாள். பின்வரிசைக் கூடை ஒன்றைத் தூக்கச் சொன்னாள். அதிலிருந்து ஒரு கல்லை உடைத்தாள். வெளியே சுத்தம். உள்ளே ஒவ்வொரு ஓட்டையிலும் பழுப்பு. முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினாள். மழை பெய்த மண் வாசனை. அண்ணன் அந்த அரைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி தேடினான், கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்தான். பிளாஸ்டிக்காக இருந்தால் பிரஷ் போட்டதுமே எல்லாம் போயிருக்கும், உங்கள் கல்லுக்கு வயிறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் வண்டியில் ஏறினாள். ஆனால் மூன்று கூடையால் பண்ணைத் தண்ணீரைச் சமாளிக்க முடியாது, குளிர் வேறு, பதினான்கு நாள் போதாது என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லவும் மறக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. மிஞ்சிய பலகாரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அண்ணி அந்த உடைந்த கல்லை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள், இது உள்ளே இருப்பது உயிர்தானே, பக்கத்தில் இருக்கிற கல்லுக்கும் பரவுமா என்று. பரவும், ஆனால் மெதுவாகத்தான் என்றேன்.

"தயிர் மாதிரியா?"

"எப்படி?"

"உறை ஊத்துறது மாதிரி. ஒரு கரண்டி பழைய தயிரை ஒரு மூலையில ஊத்தினா எப்படித் தோயும்? பால் முழுக்கக் கலக்கணும். வெதுவெதுப்பா வச்சு, கம்பளி சுத்தி வைக்கணும். நீங்க மூணு கூடையை ஒரு மூலையில வச்சுட்டுத் தோயலைன்னு உக்காந்திருக்கீங்க."

நானும் அவ்தியாவும் பாலில் பிழைக்கிறவர்கள். எங்களுக்குத் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

அன்றைக்கே பன்னிரண்டு கூடைகளையும் மேலே எடுத்து, ப்ளீச் பட்ட கற்களைத் தண்ணீரில் அலசி அலசி வாடை போக்கினோம். அலசுவதில் அண்ணியை மிஞ்ச ஆள் இல்லை. பிறகு உயிருள்ள மூன்று கூடைக் கற்களையும் எல்லாக் கூடைகளிலும் பிரித்துக் கலந்தோம், நான்கு கல்லில் ஒன்று வீதம். அண்ணி ஒவ்வொன்றாக வைத்தாள். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. பாத்திரம் கழுவுகிற வெந்நீர் தொட்டியைச் சுற்றி ஓடுகிற மாதிரி ஒரு குழாயை அண்ணன் வளைத்தான். மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது தொட்டியின் மேல் எதுவோ மூடியிருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். பஞ்சு மெத்தைப் போர்வைகள். வெள்ளை உறை, ஓரத்தில் வெள்ளை நூலால் பூவேலை. அவள் தாய்வீட்டுச் சீர். கல்யாணத்துக்கு மறுநாள் சாம்பல் பட்டதை மூன்று நாள் ஊறவைத்து வெளுக்க வைத்தவள், அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. நான்கையும் கொண்டுவந்து, மோர்த் தண்ணீர் தெறிக்கிற, சாம்பல் கல் கிடக்கிற தொட்டியின் மேல் விரித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

பழைய சாக்கு இருக்கிறதே அண்ணி என்றேன்.

"சாக்குல காத்துப் பூந்துடும்," என்றாள். "இது சூடு தாங்கும். பஞ்சு நல்ல பஞ்சு."

பதினான்கு நாளும் வந்தாள். காலையில் போர்வையை விலக்கி எட்டிப் பார்ப்பாள், ஒரு கல்லை எடுத்து முகர்வாள், அண்ணனிடம் நீட்டுவாள். அவனும் முகர்வான். ஆறாம் நாள் ஒரு கல்லில் பழுப்பு நூலளவு தெரிந்தபோது என்னைக் கூப்பிட்டாள், "ஃபஹிரா, தோயுது பாரு" என்று. பத்தாம் நாள் கிழக்குக் காற்று அடித்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் துணியை எடுக்க ஓடினார்கள். அண்ணி பண்ணையில் இருந்தாள். அவள் வீட்டுக் கொடியில் துணி சாம்பல் பூத்துத் தொங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் வந்து, உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

பதினான்காம் நாள் இன்ஜினியர் வந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாள். காபி குடித்தாள். போர்வைகளைப் பார்த்தாள், கேட்கவில்லை. அப்புறம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் அண்ணன் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். அண்ணி துடைப்பத்தோடு வந்து, "காலைத் தூக்கு" என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் சாலையைப் பார்த்தாள். லாரியை எண்ணினாளா என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் சூளையில் புதிய கற்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. இன்ஜினியர் ஸ்லாவித்ஸா. வளர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "இருபத்திரண்டு," என்றாள். முதல் சோதனையில் தொண்ணூறு வந்திருந்தது.

நான் எண்ணைத் திரும்பச் சொன்னேன். அது அண்ணன் காதிலும் விழுந்தது. அவன் குனிந்து, அப்போதுதான் ஆறிய கற்களில் ஒன்றை எடுத்தான். வழக்கம்போல் நாக்கு நுனிக்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். அண்ணி பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்திருக்கும்.

அண்ணி கையை நீட்டினாள். அவன் புரியாமல் பார்த்தான். அவளே அந்தக் கல்லை அவன் விரல்களிலிருந்து எடுத்தாள். முந்தானையில் துடைப்பாள் என்று எதிர்பார்த்தேன். துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டி, சாம்பல் கல்லை அதன்மேல் வைத்தாள். கல் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தும் விழாமல் நாக்கில் தொங்கியது. அவளால் வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. பயந்துபோய்க் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

அண்ணன் சிரித்தான். சூளை மூடிய நாளிலிருந்து அவன் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கட்டைவிரலை நனைத்து, கல்லின் ஓரத்தைத் தொட்டு, வலிக்காமல் மெதுவாக எடுத்துவிட்டான். அவள் நாக்கில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு அடையாளம் இருந்தது. அவன் அதைத் துடைக்கப் போனான்.

"இருக்கட்டும் விடு," என்றாள் அண்ணி.